நான் வாசித்துச் சொன்ன சீட்டு

கருத்தக்கண்ணன் நாயனக்காரன். கம்பம் பள்ளத்தாக்கில் அவனைவிட நன்றாக வாசிக்கிறவர்கள் இருந்திருக்கலாம், நான் கேட்டதில்லை. நெடுநெடுவென்று கறுத்த ஆள். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். எழுத்து மட்டும் தெரியாது. அது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சூசைமுத்து, உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு வேதக்கார ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். மாதா கோயிலில் பூசைப் பாட்டும் நான்தான் பாடுவேன். ஆனால் என் காது உருமிக்கும் நாயனத்துக்கும்தான் அடிமை. மேளக்காரர்கள் எப்போதும் யாருக்காகவாவதுதான் வாசிப்பார்கள். சாமிக்கு, கல்யாணத்துக்கு, இல்லையென்றால் பிணத்துக்கு. போதும் நிறுத்து என்று சொல்ல ஒரு பெரிய மனிதர் பக்கத்திலேயே நிற்பார். ஒரே ஒரு நாள், யார் ஏவலும் இல்லாமல், தங்கள் இஷ்டத்துக்கு வாசித்தால் எப்படி இருக்கும்? மலைமேல் பெரியாற்று அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷம் இந்தப் பைத்தியம் என்னைப் பிடித்தது. மூன்று மாதம் ஊர் ஊராக நடந்து ஆட்களைக் கூட்டினேன்.

அறுப்பு முடிந்த ஒரு நாள், காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஆற்றோரத் தோப்பில் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். உருமி, தவில், தப்பு, கொம்பு என்று இருபது பேர். நடவுப் பாட்டுக்குப் பேர்போன மொக்கம்மாளும் வந்திருந்தாள். வெயில் ஏறவில்லை. கடமலைக்குண்டுப் பக்கமிருந்து மலை தாண்டி வந்த பொதிமாட்டு வியாபாரி ஒருவர் கருத்தக்கண்ணனிடம் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு, நின்று பேச நேரமில்லாமல் மாடுகளை ஓட்டிக்கொண்டு குமுளி மலைக்குப் போய்விட்டார். கடமலைக்குண்டில் அவனுடைய ஆத்தாள் அக்கம்மாள் தனியாக இருந்தாள்.

"வாத்தியாரய்யா, ஆத்தா என்ன சொல்லுதுன்னு பாருங்க" என்று என்னிடம் நீட்டினான்.

"மகன் கருத்தக்கண்ணனுக்கு அக்கம்மாள் சொல்லி எழுதுவது. எனக்கு உடம்பு தாங்கவில்லை. ஒரு தடவை உன் முகத்தைப் பார்க்க வேண்டும். இதைக் கண்டதும் வா." இவ்வளவுதான் அதில் இருந்தது.

அவன் போனால் நாயனம் இல்லை. அது மட்டுமா? ஒருவன் வீட்டில் உயிர் ஊசலாடுகிறது என்று தெரிந்தால் மற்றவர்களும் கருவியைத் தொட மாட்டார்கள். அது அவர்களுக்குள் எழுதாத சட்டம். என் மூன்று மாத நடை மண்ணாகிவிடும். இதையெல்லாம் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால்கூட ஒரு மரியாதை இருக்கும். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று.

"ஆத்தா சொகமா இருக்காம்ல. நல்லா வாசி, நெதானமா வந்தாப் போதும்னு எழுதியிருக்கு."

அவன் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்தபோதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கு அவன் வாசித்த வாசிப்பை எனக்கு விவரிக்கத் தெரியாது. மொக்கம்மாள் பாட்டை எடுத்தாள்; அவன் அவள் குரலுக்குப் பின்னாலேயே போய், திடீரென்று முந்திக்கொண்டு நின்று அவளைக் கூப்பிட்டான். அவள் சிரித்துவிட்டு இன்னும் மேலே ஏறினாள். உருமிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். புல்லுக்கட்டோடு போன பெண்கள் கட்டை இறக்கிவைத்துவிட்டு ஆடினார்கள். நிறுத்து என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்துப் பயன் இல்லை. அக்கம்மாள் கையால் எத்தனையோ தடவை கம்பங்கூழ் வாங்கிக் குடித்தவன், அவளைச் சுத்தமாக மறந்துபோய்த் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும், "ஆத்தாளப் பாத்துட்டு வரலாம், நானும் வாரேன்" என்று அவனைக் கிளப்பினேன். மலையேறி இறங்கி, வெயில் தணிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஊர் கூடியிருந்தது. மகன் வரட்டும் என்று அக்கம்மாளை எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டு முருகம்மாள் அழுதுகொண்டே சொன்னாள்: "நேத்து வெளக்கு வைக்கிற வரைக்கும் உசுரு இருந்துச்சுய்யா. காலையில இருந்து வாசப்படிய விட்டு நகரல. யாரத் தேடுனாகளோ, மலைப்பாதையவே பாத்துக்கிட்டு இருந்தாக."

சீட்டு விஷயம் அவளுக்குத் தெரியாது. வழியில் போன வியாபாரியை நிறுத்தி, யாருக்கும் சொல்லாமல் எழுதச் சொல்லியிருக்கிறாள் அக்கம்மாள். முந்தைய நாள் காலையிலேயே புறப்பட்டிருந்தால் அன்றே இதே நேரத்துக்கு வந்திருப்போம். அவள் கண் திறந்திருக்கும்போதே வந்திருப்போம்.

கருத்தக்கண்ணன் அழுது ஓய்ந்ததும் மடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தான். "பாத்தீகளா வாத்தியாரய்யா, தனக்கு முடியலைன்னு ஒத்த வார்த்தை சொல்லலையே. என்னைய வாசிக்கவிட்டுட்டுப் போயிருச்சே எங்காத்தா" என்றான். நான் தலையாட்டினேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவனிடம் போய்ச் சொல் என்றார். அதன்பிறகு வேறு பங்குச் சாமியாரிடம் போக ஆரம்பித்தேன். அவரிடம் சின்னப் பாவங்களை மட்டும் சொன்னேன். அந்த வியாபாரி எப்போது மலையிறங்கி வருவாரோ என்று ஒரு வருஷம் பயந்து செத்தேன். மலைக்காய்ச்சலில் அவர் அங்கேயே இறந்துபோனார் என்று கேள்விப்பட்டபோது நிம்மதியாக மூச்சுவிட்டேன். எப்பேர்ப்பட்ட மனிதன் பாருங்கள்.

கருத்தக்கண்ணன் வருஷா வருஷம் ஆத்தாளின் திதி கொடுத்துவிட்டு வந்து சீட்டை நீட்டுவான். நானும் அதே பொய்யை, ஒரு சொல் பிசகாமல், வாசித்துக் காட்டுவேன். மூன்று வருஷம் இப்படி ஓடிற்று. நாலாவது வருஷம் அவன் சீட்டை நீட்டவில்லை. பள்ளிக்கூடத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"உங்களுக்கு எத்தன தடவ தொந்தரவு குடுக்கறது? எனக்கு எழுத்துச் சொல்லித் தாங்க. ஆத்தா பேச்ச நானே வாசிக்கணும்."

மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. உண்மையை அப்போதும் வாய் சொல்லவில்லை. மணலைப் பரப்பி, அவன் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைத்தேன். தினமும் சாயங்காலம் வருகிறான். கெட்டிக்காரன். அடுத்த அறுப்புக்குள் வாசித்துவிடுவான்.