சுடுதண்ணீர் படக் கூடாது

இரண்டு வருடம் பல்லில் கம்பி கட்டியிருந்தேன். அதைக் கழற்றியபின் மயிலாப்பூர் பல் டாக்டர் என் மேல்வரிசைக்கு அச்சு எடுத்து, கண்ணாடி மாதிரி மெல்லிய பிளேட் ஒன்று செய்து கொடுத்தார். நேராகிய பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. ஆறு மாதம், சாப்பிடும் நேரம் தவிர எப்போதும் வாயில் இருக்க வேண்டும்.

அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டேன். பற்பசை போட்டுத் தேய்க்கக் கூடாது, கீறல் விழும். சோப்புத் தண்ணீரும் மிருதுவான பிரஷ்ஷும் போதும். காகிதத்தில் சுற்றி வைக்கக் கூடாது, யாராவது குப்பை என்று எறிந்துவிடுவார்கள். சுடுதண்ணீர் படவே கூடாது. கிணற்று நீரின் உப்பு வெள்ளையாகப் படிகிறது என்பதை நானே கண்டு, கடைசியில் சேர்த்தேன்.

தி. நகரில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலை. பிளேட்டோடு பேசினால் நாக்குக் குழறும். அதனால் பேச்சைக் குறைத்தேன். உடன் வேலை செய்த பெண்கள் நாலு மணிக்குக் காபிக்குக் கூப்பிட்டால், கழற்ற வேண்டும், கழுவ வேண்டும் என்று மறுப்பேன். இரண்டு வாரத்தில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பிளேட் வெளியே இருக்கும் நேரத்தைத் தினமும் குறித்துவந்தேன். டாக்டர் இரண்டு மணி நேரம் அனுமதித்திருந்தார். எனக்கு ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை. தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு அதுவே அதிகம்.

குடியிருந்தது அபிராமபுரத்தில் ஒரு மாமியின் வீட்டுப் பக்கவாட்டு அறையில். மாமியும் தனிதான், பிள்ளை வெளிநாட்டில். பிளேட்டை முதல் தடவை பார்த்தபோதே சொல்லிவிட்டார்: "வாய்லேர்ந்து எடுத்ததை ஆத்துக்குள்ள வைக்காதே. எச்சல். கொல்லைக் குழாய்கிட்ட வெச்சுக்கோ." நான் அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வாங்கி, குழாய் மேடையில் வைத்தேன். வாடகை கொடுக்கும் நாள் தவிர எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமி என் கதவைத் தட்டினார். "தினம் ரொட்டியைக் கடிச்சுண்டு என்ன ஜீவனம்? இன்னிக்கு என்னோட சாப்பிடேன்."

பிளேட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு உள்ளே போனேன். கூடத்தில் இலை போட்டிருந்தது. அந்த ஊருக்கு வந்தபின் எனக்கு யாரும் பரிமாறியதில்லை. வத்தக்குழம்பு முடிந்து ரசத்துக்கு வந்தபோது மாமி, "நீ மெதுவா சாப்பிடு" என்று எழுந்து கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு திருப்தி.

"உன் பல்லு செட்டு வெள்ளை வெள்ளையா பூத்திருந்துது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் விட்டுட்டு வந்தேன். கையால தொடலை, மேலேர்ந்துதான். எச்சலும் போச்சு, கிருமியும் போச்சு."

சோற்றில் என் கை நின்றுவிட்டது. பிளேட்டின் பிளாஸ்டிக் சூட்டில் இளகி என் பல்லின் அச்சில் படிந்து உருவானது. மறுபடி சூடு பட்டால் அந்த உருவத்தை விட்டுவிடும். ஓடிப் போய்ப் பார்ப்பதில் பயனில்லை.

"என்னடி, ரசம் காரமா?"

"இல்லை மாமி. நல்லா இருக்கு."

மோர் சாதமும் சாப்பிட்டேன். பிறகு கொல்லையில் பார்த்தபோது டம்ளரின் அடியில் அது வளைந்து, மங்கிக் கிடந்தது. அறைக் கதவைத் தாழிட்டு வாயில் வைத்துப் பார்த்தேன். ஒரு பல்லிலும் உட்காரவில்லை.

மறுநாள் டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"யாரும்மா சுடுதண்ணி ஊத்தினது?"

"நான்தான் டாக்டர்."

"இன்ஜினியர்னு சொன்னீங்க!"

மாமிக்குப் பல் பிடுங்கியவரும் அவர்தான். என்னை அவரிடம் அனுப்பியதே மாமிதான். உண்மையைச் சொன்னால் அது எப்படியும் அபிராமபுரம் போய்ச் சேரும். சேர்ந்தால் மாமி நொந்துபோவார், மறுபடி என் கதவைத் தட்டமாட்டார். அது வேண்டாம் என்று தோன்றியது.

புதிதாக அச்சு எடுக்கப் பத்து நாள் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அதற்குள் முன்பல் ஒன்று லேசாகத் திரும்பிவிட்டது. மறுபடி கம்பி போட்டால் சரிசெய்யலாம் என்றார் டாக்டர். வேண்டாம், இருக்கிற நிலைக்கே அச்சு எடுங்கள் என்றேன்.

புதிய பிளேட் வந்தபின் ஒரு ஞாயிறு மாமி கூப்பிட்டபோது, பிளேட்டைக் கழுவி டப்பாவில் போட்டு, டப்பாவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன்.

"எங்கே அது? கொண்டா, வெந்நீர் தயாரா இருக்கு."

"காலையிலயே நானே பண்ணிட்டேன் மாமி."

"கொதிச்சுதா?"

"நல்லாக் கொதிச்சுது" என்று சொல்லிவிட்டு இலை முன் உட்கார்ந்தேன்.