ஐஸ்பெர்க்கும் என் மச்சினனும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வெள்ளை ரோஜாவைக் கொன்ற கிளைக்கு முட்டை ஓடும் வேப்பம்புண்ணாக்கும் போட்டு வளர்த்த முட்டாள் நான்தான். வளர்த்ததோடு விட்டேனா? அதன் தோளில் கை போடாத குறையாக நின்று படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ‘என் செடியின் புதுத் தளிர்’ என்று கீழே எழுதியது வேறு.

அந்த ரோஜாவின் பெயர் ஐஸ்பெர்க். ஒரு சீசன் சமயம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு நர்சரியில் வாங்கினேன். கொத்துக் கொத்தாகப் பூக்கும். முள் குறைவு, வாசனை அதைவிடக் குறைவு. என் மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, “இதுக்குப் பிச்சிப்பூ வாங்கிட்டு வந்திருக்கலாம்லா?” என்றாள். ஆனால் வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை. வெளுத்து நீலம் போட்ட வேட்டியை அதன் பக்கத்தில் காயப்போட எனக்கே வெட்கமாக இருக்கும்.

ரிட்டையர் ஆன பிறகு வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. டிவி ரிமோட் மனைவியிடம். சாய்வு நாற்காலி பூனையிடம். மொட்டை மாடியும் அந்தச் செடியும் மட்டும் என் ராஜ்யம். முதல் சாரலில் இதழெல்லாம் இளஞ்சிவப்புப் புள்ளி விழுந்தபோது, அம்மை கண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பதறி நர்சரிக்குப் போன் போட்டேன். ஈரக் காற்றுக்கு அந்தப் பூ அப்படித்தான் ஆகும், ஒன்றும் செய்யாது என்றார்கள். அன்றிலிருந்து வருகிறவர்களிடம், “எங்க வீட்டுப் பூ வெக்கப்படும், பாத்திருக்கியளா?” என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

அப்படிப் பெருமையைக் கேட்க வந்தவர்களில் முக்கியமானவன் என் மச்சினன். மனைவியின் தம்பி. இலஞ்சியில் தென்னந்தோப்பும் தோப்பை ஒட்டி வீடும் உள்ளவன். வரும்போதெல்லாம் காப்பியைக் குடித்துவிட்டு ஒரே பாட்டுப் பாடுவான்.

“அத்தான், ஒரே ஒரு குச்சி தாங்க. கவாத்து பண்ணி வெட்டினதச் சும்மாதான குப்பையில போடுதிய?”

“சாரல் நிக்கட்டும் மாப்ளே. இந்த ஈரத்துல நட்டா அழுவிரும்.”

சாரல் நின்ற பிறகு வருவான். “இப்ப வெயில்லா மாப்ளே, கருகிரும். சாரல் விழட்டும்.” சாரல் விழுந்ததும் வருவான். சாரல் நிற்கட்டும் என்பேன். குற்றாலத்துச் சாரல் நிற்பதும் விழுவதும் எனக்கு இவ்வளவு உதவும் என்று அந்த மலைக்கே தெரியாது.

“பாவம், ஒரு குச்சிதான கேக்கான்” என்று மனைவி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. கவாத்து பண்ணிய குச்சிகளை யாரும் நட்டுவிடாதபடி விரல்கடை நீளத்துக்கு நறுக்கித்தான் குப்பைக்கு அனுப்புவேன். நறுக்க உட்காரும் நேரம் பார்த்துக் கீழிருந்து, “ஏங்க, ஒங்களுக்குப் போன் வந்திருக்கு” என்று சத்தம் கொடுப்பாள். இறங்கி வருவதற்குள் போன் நின்றிருக்கும். திரும்ப மேலே போனால், அதற்குள் மாடியேறி அவளே பாதியை அள்ளிப் பையில் போட்டிருப்பாள். “குனிஞ்சு நிமுந்து முதுகு வலிக்கும்லா, நான் கொட்டிக்கிடுதேன்.” இப்படியொரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்கு அடித்த பெயின்ட் வாளிகளைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு மாடியில் அடுக்கி வைத்திருந்தேன். அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. “குரங்குதான் தூக்கிட்டுப் போகுது” என்றேன். “ஆமா, இருக்கும்” என்றாள்.

இந்தச் சமயத்தில்தான் செடியின் அடியிலிருந்து தடியாக ஒரு கிளை வந்தது. நல்ல வாளிப்பு. மேலே இருந்த பழைய கிளைகள் சோர்ந்து நின்றன. கிழடுகள் இளசின் சாப்பாட்டைப் பிடுங்குகின்றன என்று முடிவு கட்டி, பழையவற்றை ஒட்ட வெட்டினேன். புதுசு ஆளுயரம் வளர்ந்தது. அது மொட்டு விட்ட அன்று மனைவியைக் கைப்பிடித்து மாடிக்கு அழைத்துப் போனேன். மறுநாள் பூத்தது. சின்னதாக, கசங்கினாற்போல, நல்ல ரோஸ் நிறத்தில்.

வெட்கப்படுகிறதோ என்றுகூட நினைத்தேன். பங்குனி வெயிலில் என்ன வெட்கம்?

பிறகு செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. நர்சரிச் செடியில் மேலே இருப்பதுதான் வெள்ளை ரோஜா. வேரும் அடித்தண்டும் வேறொரு ரோஜா. இரண்டையும் ஒட்டுக் கட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழே கிளை வந்தால் உடனே கிள்ளி எறிய வேண்டும், இல்லாவிட்டால் மேலே உள்ளதைப் பட்டினி போட்டே கொன்றுவிடும். மண்ணைக் கிளறிப் பார்த்தேன். என் செல்லக் கிளை ஒட்டுக்கு நாலு விரல் கீழேயிருந்து புறப்பட்டிருந்தது. ஒட்டுக்கு மேலே எல்லாம் சுள்ளி. என் கையால் தின்றே என் பூவை முடித்துவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி நன்றாகவே சாப்பிட்டாள். அது கொஞ்சம் உறுத்தியது.

துக்கத்தைச் சொல்லி அழ மச்சினனை விட்டால் யார்? அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு இலஞ்சிக்குக் கிளம்பினேன்.

“போன் பண்ணிட்டுப் போவோம்” என்றாள்.

“ஒந் தம்பி வீட்டுக்குப் போவ எதுக்குட்டி போனு?”

“அதுக்கில்ல, அவன் இருக்கானோ என்னமோ.” வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

முன்வாசல் சாத்தியிருந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். தோப்பு ஓரமாக வரிசையாக என் பெயின்ட் வாளிகள். எங்கள் வீட்டுச் சுவரின் அதே மஞ்சள் விளிம்பில் வழிந்து காய்ந்திருந்தது. ஒவ்வொன்றிலும் வெள்ளை வெளேரென்று கொத்துக் கொத்தாக ஐஸ்பெர்க். குச்சி நட்டு வந்த செடிகள். அடியில் ஒட்டும் இல்லை, துரோகியும் இல்லை. துரோகிகள் இரண்டு பேரும் மேலேதான் நின்றார்கள். ஒருவன் கையில் தண்ணீர்க் குழாயோடு, ஒருத்தி எனக்குப் பின்னால் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு.

“குரங்குன்னுல்லா சொன்ன?” என்றேன் அவளிடம்.

“நீங்கதான் குரங்குன்னிய. நான் ஆமான்னேன், அவ்வளவுதான்.”

சிரிப்பு வந்தால் சிரித்திருப்பேன். வரவில்லை. வராத போனுக்கெல்லாம் நான் படியிறங்கியது ஞாபகம் வந்தது. முதுகு வலிக்குமே என்ற அந்தக் கரிசனமும் ஞாபகம் வந்தது. அதுதான் ரொம்பக் கசந்தது. இத்தனை வருஷமாக என் ராஜ்யத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு சுரங்கப்பாதை இருந்திருக்கிறது.

கோபித்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் உலகத்தில் எனக்கு மிச்சமிருந்த வெள்ளை அந்த வாளிகளில்தான் இருந்தது. ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தேன். என் பூதான்.

“மாப்ளே” என்றேன், தொண்டையைச் செருமிக்கொண்டு. “ஒரே ஒரு குச்சி தாயேன்.”

அவன் குழாயைக் கீழே போட்டான். ஒரு பொட்டு மேகம்கூட இல்லாமல் கொளுத்திக்கொண்டிருந்த வானத்தை அண்ணாந்து, கண்ணுக்கு மேல் கை வைத்து, நன்றாகப் பார்த்தான்.

“சாரல் நிக்கட்டும், அத்தான்.”