செல்விக்குப் பதில் இரண்டு பேர்

கடலூரில் நடந்த போட்டியில் கோமுகி மகளிர் கூடைப்பந்துக் குழு அறுபத்து நான்குக்கு முப்பத்தொன்று என்று தோற்றது. திரும்பி வரும் வேனில் முன்சீட்டில் இருந்த பௌசியா ஸ்கோர் தாளை மடியில் விரித்து, கடைசிப் பத்து நிமிடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் எடுத்தது மூன்று புள்ளி. மூன்றையும் எடுத்தவள் செந்தமிழ்ச்செல்வி.

பௌசியாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கள்ளக்குறிச்சி கடைவீதியில் கணவன் தௌசிப்போடு பாத்திரக்கடை நடத்துகிறாள். கல்லூரியில் பிடித்த பந்தைக் கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. முழுக்கை பனியனும் தலையில் இறுக்கிக் கட்டிய துணியுமாகக் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்பாள். குழுவுக்குக் கேப்டன் அவள். பயிற்சியாளர் என்று தனியாக ஒருவர் இல்லாததால் அதுவும் அவள்தான்.

மறுநாள் குழுவின் தலைவர் தீனதயாளன் கடைக்கே வந்துவிட்டார். அவர் அரிசி ஆலை வைத்திருப்பவர். குழுவின் பனியனில் அவருடைய ஆலையின் பெயர்தான் இருந்தது.

"மெட்ராஸ்லேர்ந்து ரெண்டு பேர எறக்கிடலாம்மா. மாவட்ட லீக்குக்கு மட்டும் வந்து ஆடட்டும். கப்ப தூக்கிடலாம்."

"ஆடிட்டு பஸ் ஏறிப் போய்டுவாங்கண்ணா. அதுக்கப்பறம் நம்மகிட்ட இன்னா மிஞ்சும்? நம்ம ஆளுங்களுக்கு முப்பது வயசு தாண்டிடுச்சி. எதிர் டீம் பொண்ணுங்க ஓடுதுங்க, நாங்க நடந்துக்கினு இருக்கோம். எனக்கு ரெண்டு வருசம் குடுங்க. மொத்தமா மாத்தறேன்."

"ரெண்டு வருசம் தோக்கறதுக்கு நான் எதுக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார் அவர்.

பௌசியா பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒன்பது பேரின் பெயரையும் எழுதினாள். பெயருக்கு நேராக வயது. அதற்கு நேராக, இன்னும் எத்தனை வருடம் ஓட முடியும் என்று ஒரு எண். தன் பெயருக்கு நேராக ஒன்று என்று எழுதினாள். செல்விக்கும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

ஆனால் வேறு குழுக்காரர்கள் ஆசைப்பட்டுக் கேட்கும் ஆள் அந்த ஒன்பது பேரில் செல்வி ஒருத்திதான். உளுந்தூர்பேட்டைக் குழுவை நடத்தும் மாயவன் போன வருடமே கேட்டிருந்தார். அவரிடம் இளம்பெண்கள் இரண்டு பேர் ஆட இடம் கிடைக்காமல் வெளியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பந்தை வேகமாகக் கொண்டுபோகும் சந்தியா ஒருத்தி. வெள்ளிமலையிலிருந்து வந்து அங்கே கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த, ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள பூமாலை இன்னொருத்தி. இரண்டு குழுவும் கையெழுத்துப் போட்டால் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம் என்பது லீக்கின் விதி.

செல்வி வெறும் ஆட்டக்காரியாக மட்டும் இருந்திருந்தால் பௌசியாவுக்குச் சிரமம் இருந்திருக்காது. பன்னிரண்டு வருடச் சிநேகிதி. தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பௌசியாவின் மகள் பிறந்தபோது இரவும் பகலும் கூடவே இருந்தவள். மாயவனிடம் பேசுவதற்கு முன் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று பௌசியா தீர்மானித்தாள். பயிற்சி முடிந்து செல்வி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளைக் கொடுத்து அந்த இரண்டு பேரை வாங்க நினைப்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

செல்வி கயிற்றை முழுக்க அவிழ்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இன்னாடி, நான் இன்னா கத்திரிக்காவா? நீ குடுப்ப, அவன் வாங்கிக்குவானா?"

"உனக்கு இஷ்டம் இல்லன்னா மாயவன்கிட்ட வாயே தொறக்க மாட்டேன். ஆனா நீ இங்க இருந்தா ரெண்டு பேரும் சேந்து தோத்துக்கினே இருப்போம். அங்க போனா இந்த வருசமே கப்பு உன் கையில."

"நீ?"

"நான் தோப்பேன். எதுக்காகத் தோக்கறேன்னு தெரிஞ்சி தோப்பேன்."

செல்வி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "போறேன். கப்புக்காகத்தான் போறேன், நீ சொன்னதுக்காக இல்ல. இனிமே உன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

அன்று பௌசியா கடையில் மூன்று முறை தப்பான அளவு குக்கரை எடுத்துக் கொடுத்தாள். மூன்று முறையும் தௌசிப்தான் சரியான அளவை எடுத்து மாற்றிக் கொடுத்தான். சாயங்காலம் மாயவனுக்குப் போன் செய்தாள்.

அந்த வருடம் மாவட்ட லீக்கில் எட்டு ஆட்டம். எட்டிலும் கோமுகி தோற்றது. கோப்பையை உளுந்தூர்பேட்டை வாங்கியது. சிறந்த ஆட்டக்காரி பரிசு செல்விக்கு. கையில் கோப்பையோடு செல்வி சிரிக்கும் படம் கள்ளக்குறிச்சி முழுக்க வாட்ஸப்பில் சுற்றியது. அதற்குக் கீழே பௌசியாவைத் திட்டி எழுதியவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள்தான். தீனதயாளன் விலகிக்கொண்டார். அடுத்த பனியனில் பாத்திரக்கடையின் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னான் தௌசிப்.

பௌசியா கலங்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் திட்டத்தை மாற்றவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் தன் இடத்தையே சந்தியாவுக்குக் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்தாள். பூமாலைக்குப் பந்தைப் பிடிக்கும் ஆசையைவிடத் தப்புச் செய்துவிடுவோமோ என்ற பயம்தான் அதிகம். உளுந்தூர்பேட்டையில் ஒரு தப்புச் செய்தாலே வெளியே இழுத்துவிடுவார்கள். "அஞ்சு ஃபவுல் ஆகற வரைக்கும் நீ உள்ளதான். உன்ன நான் கூப்பிட மாட்டேன், என்னப் பாக்காத," என்றாள் பௌசியா. முதல் நான்கு ஆட்டத்திலும் பூமாலை ஐந்து ஃபவுல் வாங்கி வெளியேறினாள். கடைசி ஆட்டத்தில் இரண்டுதான்.

கள்ளக்குறிச்சிக் கல்லூரிக்கே மாறிக்கொண்ட பிறகு, வெள்ளிமலை வீட்டுக்குப் போனால் காலைப் பயிற்சி நேரத்துக்கு பஸ் வராது என்பதால், பூமாலை வாரக் கடைசியில் பௌசியாவின் வீட்டிலேயே தங்கினாள். பழைய ஆட்களில் நான்கு பேரை பௌசியா அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து விலகிக்கொள்ளச் சொன்னாள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி காபி கொடுத்து அனுப்பினாள். போனில் சொல்லியிருக்கலாம் என்று பௌசியா நினைக்கவே இல்லை. அவர்கள் இடத்துக்குக் கல்லூரிப் பெண்கள் வந்தார்கள்.

இரண்டாம் வருடம் ஏழு ஆட்டத்தில் ஐந்து ஜெயித்தார்கள். எட்டாவது உளுந்தூர்பேட்டையோடு. ஜெயிக்கும் குழு மாநிலப் போட்டிக்குப் போகும்.

செல்வி அன்று பேய் மாதிரி ஆடினாள். தனியாளாக இருபத்து நான்கு புள்ளி. ஆனால் அவள் ஒவ்வொரு முறை ஓடி வரும்போதும் சந்தியா அவளுக்கு முன்னாலேயே ஓடிப் போய் நின்றாள். கடைசி நிமிடத்தில் செல்வியின் கால்கள் தளர்வதை பௌசியா வெளியிலிருந்தே பார்த்தாள். சந்தோஷமாக இல்லை. கோமுகி ஐம்பத்திரண்டு, உளுந்தூர்பேட்டை நாற்பத்தொன்பது என்று இருந்தபோது செல்வி தூரத்திலிருந்து எறிந்தாள். பூமாலையின் கை குறுக்கே வந்தது. பந்து வளையத்தில் பட்டு வெளியே விழ, சந்தியா அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். விசில் அடித்துவிட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு செல்வி நேராக வந்தாள். ஒன்றே முக்கால் வருடம் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை:

"அந்த நெட்டப் பொண்ண வெச்சிக்கினு மாயவன் இன்னாடி செஞ்சிக்கினு இருந்தான்?"

"ஒக்கார வெச்சிருந்தாரு."

"உன்மேல கோவம் இன்னும் போவல."

"இருக்கட்டும். வா, டீ குடிக்கலாம்."

செல்வி போனாள். இரண்டு டீ குடித்தார்கள். முட்டி வலி பற்றித்தான் பேசினார்கள். வீட்டுக்கு அவள் வந்தது அதற்கும் நான்கு மாதம் கழித்து.

மாநிலப் போட்டியில் கோமுகி இரண்டாவது சுற்று வரை போனது. ஊருக்கு வந்த வாரமே சந்தியாவுக்குப் போலீஸ் வேலைக்கு உத்தரவு வந்தது. பயிற்சிக்குப் போனால் ஒரு வருடத்துக்கு ஆட முடியாது. பௌசியா அவளுக்கு ஸ்வீட் ஊட்டிவிட்டு, கடைக்கு வந்து ஒரு புதுத் தாளை எடுத்தாள்.

"மறுபடியும் மொதல்லேர்ந்தா?" என்றான் தௌசிப்.

"மொதல்லேர்ந்து இல்லங்க. ஒரே ஒரு ஆளுதான் வேணும். ஞாயித்துக்கிழம கச்சிராயபாளையத்துல ஸ்போர்ட்ஸ் மீட்டு இருக்குது. கடைய நீங்க பாத்துக்கோங்க."