அடுப்புக்குப் பின்னால் ஒட்டிய டேப்

எங்கள் சமையலறையில் எந்தச் சாமானுக்கும் குறை வைத்ததில்லை. ராஜபாளையத்தில் வீடு கட்டியபோதே கிரைண்டர், மிக்சி, இரண்டு குக்கர், புகையை இழுக்கும் மின்விசிறி எல்லாவற்றையும் நானே பார்த்து வாங்கினேன். மாற்றாமல் விட்டது சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயை மட்டும்தான்.

சிலிண்டர் போட வந்தவர் அதிலிருந்த வெடிப்பைக் காட்டி, "சார், இன்னைக்கே மாத்திருங்க" என்றார். கடை பக்கத்தில்தான். ஆனாலும் சோம்பல். வயர் ஒட்டும் டேப்பை எடுத்து வெடிப்பின் மேல் சுற்றிவிட்டேன். நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும் என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னவன்.

அதன் பிறகு ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தாள் என் மனைவி. பால் தீய்வதுகூடத் தெரியாமல் நின்றாள்.

"ஏட்டி, தெருமுனை வரைக்கும் நாறுது. உனக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

"இல்லாமயா மூக்குத்தி போட்டிருக்கேன்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தேன். மாதாந்திர மின்தடை நாள். மலையிலிருந்து இறங்கும் குரங்குகளுக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்திருந்தாள். கதவைத் திறந்ததுமே வாடை முகத்தில் அடித்தது. அவள் அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு, கையில் லைட்டருடன் நின்றாள். சுவரில் மின்விசிறியின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. மின்சாரம் எந்த நொடியும் வரலாம், அந்தச் சுவிட்சில் ஒரு பொறி போதும்.

"அதைக் கீழ வை" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"வந்துட்டியளா? காப்பி போடுதேன், செத்த நேரம் இருங்க."

"லைட்டரை அமுக்காதே. கேஸ் கசியுது. வெளிய வா."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. கல்யாணச் சாப்பாடு மண்டைக்கு ஏறிட்டோ?"

அவள் கட்டைவிரல் லைட்டரின் மேலேயே இருந்தது. மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். வெளியே இருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தேன். திரும்பி வாசலுக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டு டிவி அலறத் தொடங்கியது. மின்சாரம் வந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் மெல்லச் சொன்னாள். "காய்ச்சலுக்குப் பொறவு மூக்குல ஒரு வாசமும் ஏறலை. சொன்னா அதுக்கும் கேலி பண்ணுவியன்னு இருந்துட்டேன். அடுப்புத் திருகைச் சரியா மூடாம விட்டிருக்கேன். உங்களையும் சேத்துக் கொல்லப் பாத்தேனே."

திருகு சரியாகத்தான் மூடியிருந்தது. டேப்தான் விட்டுப்போயிருந்தது. மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் புதுக் குழாயை மாட்டினேன். பழையதைச் சாக்கில் சுற்றி வெளியே போட்டேன்.

இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. நான் இல்லாவிட்டால் அவள் அடுப்பைத் தொடுவதில்லை. நேற்று நான் வெளியே போய்விட்டுச் சாயங்காலம் திரும்பியபோது, காப்பிகூடக் குடிக்காமல் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"பசிக்குது. செத்த உள்ள போய் மோந்து பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

போய்ப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லை, பத்த வை" என்றேன்.