சீட்டு எழுதுகிறவள் பரீட்சை எழுதிய கதை

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவளை யாரும் ஆசைப்பட்டுப் பார்க்க வருவதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டி உள்ளே போகத்தான் வருகிறார்கள்.

யுத்த காலத்தில் மயிலாப்பூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலை. பெயர், தகப்பனார் பெயர், வயது, என்ன உபத்திரவம் என்று நான்கையும் கேட்டு எழுதி ஜன்னல் வழியாக நீட்டுவேன். வேலை தற்காலிகம். என் கணவர் சவரிமுத்து, சாந்தோமில் டிராயிங் மாஸ்டர். அவருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டே வந்தது. இதற்கு மருந்தில்லை என்று பெரிய டாக்டர்களே கையை விரித்துவிட்டார்கள். வருகிற கோடை விடுமுறையோடு பள்ளிக்கூடத்தில் அவருக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரிக் கமிட்டி, வெளி நோயாளிக் கூடத்துக்குப் பொறுப்பாக ஒருவரை நிரந்தரமாக நியமிக்கப் போவதாகச் சொன்னது. ஆஸ்பத்திரி நிர்வாகப் பரீட்சையில் தேறியவருக்கே அந்த இடம். நான் தேறினால் குடும்பத்துக்கு ஒரு நிரந்தர வேலை. தேறாவிட்டால் இரண்டு பேருமே வீட்டில். எனக்கு அப்போது நாற்பது வயது. கடைசியாகப் பரீட்சை எழுதியபோது இரட்டைப் பின்னல் போட்டிருந்தேன். வேலைக்கும் போய், உலையும் வைத்து, நடு வயதில் புத்தகத்தைத் திறந்து கொட்டாவி விட்ட என் சக பாவிகளே, நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கரி வண்டி

வகுப்பு தியாகராய நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில், சனிக்கிழமை மத்தியானங்களில். பட்டாளத்து ஆஸ்பத்திரிகளை நடத்தி ஓய்வு பெற்ற ஒரு மேஜர் பாடம் எடுத்தார். லஸ்ஸிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு என்பதால் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ் அது. ஓடிய என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆள் கொஞ்சம் கூடினால் நின்றுவிடும். கண்டக்டர் இறங்கிப் போய் அடுப்பைக் கிளறிவிட்டு, முகமெல்லாம் கரியோடு திரும்பி வருவார். அதற்குள் நான் இரண்டு பக்கம் படித்துவிடுவேன்.

ஒரு நாள் அவர் என் மடியிலிருந்த தடிப் புத்தகத்தைப் பார்த்து, “இன்னாம்மா, புள்ளைக்கு வாங்கிக்கினு போறியா?” என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குத்தானப்பா என்றேன். எந்தப் படிப்பு என்று கேட்டார். ஆஸ்பத்திரிப் படிப்பு என்றதும் அவர் முகத்தில் வந்த மரியாதையை நான் கலைக்க விரும்பவில்லை. வண்டி மறுபடி இருமிக்கொண்டு கிளம்பியபோது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “படிம்மா, படி. இந்த வண்டி பனகல் பார்க் போய்ச் சேர்றதுக்குள்ள நீ டாக்டராவே ஆயிடுவே!”

பின்னாலேயே போனேன்

மேஜர் கொடுத்த முதல் வீட்டுப்பாடம் இது: ஒரு நோயாளியை வாசலிலிருந்து பின்தொடர வேண்டும், அவர் எங்கெங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு ரிக்‌ஷா இழுக்கிறவரைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளங்காலில் சீழ் கட்டி, குதிகாலை ஊன்றி நடந்து வந்தவர். என் ஜன்னலில் வேறு ஒருத்தியை உட்கார வைத்துவிட்டு, நோட்டும் பென்சிலுமாக அவர் பின்னால் கிளம்பினேன். டாக்டர் அறை, கட்டுப் போடும் அறை, மருந்து கொடுக்கிற ஜன்னல் என்று அவர் நொண்டிக்கொண்டே போனார். அவர் நின்றால் நானும் நிற்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன், எழுதுவேன்.

எண்ணிப் பார்த்தால் அந்தக் காலோடு அவர் ஐந்து நடை நடந்திருந்தார். அதில் இரண்டு நடை என்னால் வந்தது. நான் ஜன்னலை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, தகப்பனார் பெயரைச் சொல்லாமல் போய்விட்டார் என்று அவரைத் திரும்பக் கூப்பிட்டு, அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டதால் கொஞ்சம் பொறு என்று அனுப்பி, மறுபடி கூப்பிட்டிருந்தேன். குதிகாலில் நடக்கிற ஒரு மனிதனிடம் அவன் அப்பா பெயருக்கு அப்படி என்ன அவசரம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று கிட்டே போனேன். அவர் வெலவெலத்துப் போய்க் கையைக் கூப்பினார். “எம்மா, காலைலேர்ந்து பின்னாலயே வந்து எய்திக்கினு கீறியே, எனக்கு இன்னா வியாதின்னு சொல்லிடும்மா. பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்!”

உப்பு இருக்குமிடம்

புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. காலையில் சமையலறையில் உரக்கப் படித்து, வரிக்கு வரி தமிழில் சொல்லிப் பார்ப்பேன். என் கணவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். எனக்கு மனதில் நிற்காதது அவருக்கு நின்றது. அதிலும் சாமான் அறையைப் பற்றிய பாடம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், எடுத்தால் அதே இடத்தில் வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் பூசை முடிந்து வந்ததும் எங்கள் அலமாரி முழுவதையும் அந்தப் பாடத்தின்படி அடுக்கினார். இடது ஓரத்தில் உப்பு, அதற்கடுத்து மிளகாய்த்தூள், மேல் தட்டில் சர்க்கரை. ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கண் முழுவதும் போவதற்குள் கைக்குப் பழக்கிக்கொள்கிறார் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

நான் வகுப்புக்குப் போகிற சனிக்கிழமைகளில் சமையல் அவருடையது. ஒரு சனிக்கிழமை காப்பி கலந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று சர்க்கரை டப்பாவை உப்பு இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது வஞ்சிரம் குழம்பு மணத்தது. ஒரு வாய் வைத்தேன். பாயசம். ஒரு வாரத்து ரேஷன் சர்க்கரையில் பாதி அதில் இருந்தது. நான் அடுத்த வாயும் எடுத்தேன். அவரும் ஒரு வாய் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் மென்றுகொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது; அவர் கண்ணுக்காகவா, என் அவசரத்துக்காகவா என்று தெரியவில்லை. அவர் தட்டைத் தள்ளவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பி, மேஜரைப் போலவே குரலைக் கனப்படுத்திக்கொண்டு சொன்னார்: “பிலோமி, எழுத்துப் பரீட்சை எப்படியோ, சாமான் அறைப் பாடத்துல நீ பெயில்.”

நாலிலிருந்து ஐந்து வரை

எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து என்னோடு படித்தவர் கம்பவுண்டர் வரதன். மாடவீதிக்காரர். அவர் படித்தது இந்த இடத்துக்காக இல்லை, கம்பவுண்டர் வேலையிலேயே சம்பளம் கூடுவதற்காக. புத்தகத்தை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை ஒப்பிப்பார். நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு விதி எழுதி வரச் சொன்னார் மேஜர். நான் மூன்று பக்கம் எழுதினேன். வரதன் ஒரே வரி எழுதினார்: மாலை நாலிலிருந்து ஐந்து வரை, மற்ற நேரத்தில் யாரானாலும் உள்ளே விடக் கூடாது. மேஜருக்குப் பிடித்துப்போய், அவர் சிபாரிசில் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அது அமலுக்கு வந்தது.

பத்து நாள் கழித்து வரதனின் மனைவி டைபாய்டு காய்ச்சலில் எங்கள் வார்டிலேயே வந்து படுத்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கம்பவுண்டர் கையில் கஞ்சிச் செம்போடு வார்டு வாசலில் நிற்கிறார். காவலாளி குறுக்கே நிற்கிறான். உங்கள் கையெழுத்துப் போட்ட விதிதானே என்று சுவரில் ஒட்டியிருந்ததை அவருக்கே காட்டுகிறான். எப்போதும் கறாராக இருக்கிற மனிதர் அன்றைக்கு என் ஜன்னலுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “விதி எழுதினவன் நான்தாம்மா, இல்லேங்கல. ஆனா உள்ளே படுத்துண்டிருக்காளே, அவளோட ஆம்படையானும் நான்தானே?”

அட்டை

செய்முறைப் பரீட்சை என்று ஒன்று இருந்தது. ஒரு நாள் காலை முழுவதும் வெளி நோயாளிக் கூடத்தை நாம் நடத்த வேண்டும். மேஜர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மார்க் போடுவார். முண்டியடிப்பதை நிறுத்த நம்பர் அட்டை கொடுப்பது என் திட்டம். முதலில் வந்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு. அறுபது அட்டைகளில் என் கணவர் பெரிது பெரிதாக நம்பர் வரைந்து கொடுத்தார். அதுதான் அவர் கடைசியாக வரைந்தது.

விடிவதற்கு முன்பே வந்து காத்திருந்த ஒரு பால்காரருக்கு ஒன்றாம் நம்பர் போயிற்று. கடைசி அட்டையைப் பச்சைக் குழந்தையோடு ஓடி வந்த ஓர் அம்மாளிடம் கொடுத்தேன். டாக்டர் வந்து உட்கார்ந்தார். “ஒன்று” என்று கூப்பிட்டேன். எழுந்து வந்தது அந்த அம்மாள். “இரண்டு” என்றேன். இரண்டு பேர் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு கிழவர். அவருக்கு நான் கொடுத்தது நாற்பதுக்கு மேல். பெஞ்சுகளில் என் அட்டைகள் கைமாறிக்கொண்டிருந்தன. யாரும் சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள், எட்டிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

மேஜர் எழுந்து வந்தார். “மிஸஸ் சவரிமுத்து, மோசமா இருக்கிறவங்க முதல்ல போறாங்களே, இது உங்க ஏற்பாடா?” என்றார். முதலில் அப்படிப் பிரிக்க வேண்டும் என்பது அவர் நடத்திய பாடம்தான். ஆனால் அதற்கு வாசலில் ஒரு நர்ஸ் வேண்டும், எனக்கு நர்ஸ் கிடைக்கவில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முழு மார்க். வீட்டில் காத்திருக்கிற மனிதரை நினைத்துக்கொண்டேன். “இல்லை சார். நான் வரிசையாத்தான் கொடுத்தேன். அவங்களே மாத்திக்கிட்டாங்க” என்று சொல்லிவிட்டேன்.

மேஜர் எதையோ குறித்துக்கொண்டு, கையில் கடைசி அட்டையோடு உட்கார்ந்திருந்த பால்காரரிடம் போய், ஏன் கொடுத்தாய் என்று கேட்டார். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “கொயந்தைக்கு மூச்சு வாங்கிக்கினு கீது சார். எனக்கு இன்னா, முட்டி வலிதானே? நாளைக்கும் இதே முட்டிதான்.”

பட்டியல்

தேறியவர்களின் பட்டியலைப் பள்ளிக்கூடத்துத் தூணில் ஒட்டியிருந்தார்கள். வரதன் முதலாவது. நான் மேலிருந்து கீழே தேடிக்கொண்டே வந்தேன். பட்டியல் முடியப் போகிறது, என் பெயர் இல்லை. கடைசி வரியில் இருந்தேன்.

வராந்தாவில் மேஜர் நின்றிருந்தார். செய்முறையில் பாதி மார்க்கை வெட்டிவிட்டதாக அவரே சொன்னார். அப்படியானால் மிச்சப் பாதியை எதற்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நடத்த உங்களுக்கு இன்னும் தெரியலே. தானா நடக்கிறதைக் கெடுக்காம இருக்கத் தெரியுது. அதுக்குத்தான்.”

முதல் நாள்

கோடை விடுமுறை தொடங்கிய திங்கட்கிழமை புது வேலையில் உட்கார்ந்தேன். என் கணவருக்குப் பள்ளிக்கூடம் அதற்கு முந்தின வாரத்தோடு முடிந்திருந்தது. மாலை போட்டு, குழுவாகப் படம் எடுத்து அனுப்பி வைத்திருந்தார்கள். வீட்டில் அவரைத் தனியாக விட்டு வந்தது காலை முழுவதும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் நூறு பேர் பெயரைக் கூப்பிட்டு, நூறு பேருக்கு வழி சொல்லி, பன்னிரண்டு மணிக்குத்தான் நிமிர்ந்தேன்.

கூடம் காலியாகிவிட்டது. கடைசி பெஞ்சில் ஒருவர் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, மடியில் குடை. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, அவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு மணிக்கே வந்துவிட்டாராம். என்னங்க, கண் வலிக்கிறதா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா, ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று பதறிப்போய்க் கேட்டேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். “எனக்கு ஒண்ணும் இல்லே பிலோமி. வீட்டுல உட்கார்ந்தா சுவர்க்கோழிதான் கத்துது. இங்கே உட்கார்ந்தா நீ எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடறது கேக்குது.”

நோயாளி அல்லாதவர் கூடத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்க விடுவது நிர்வாகக் கோளாறு என்று அந்தத் தடிப் புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த ஒரு கோளாறை மட்டும் திருத்திக்கொள்ளவே இல்லை.