எந்தத் திரையும் சரியில்லை

என் வீட்டுக்காரர் ஒரு பொருளை வாங்க முடிவு செய்வதற்குள் அந்தப் பொருளின் அடுத்த மாடல் கடைக்கு வந்துவிடும். ஒரு குக்கர் வாங்கவே மைசூரில் உள்ள பாத்திரக் கடைகள் அத்தனையும் ஏறி இறங்கியவர். விசில் எப்படிக் கூவும் என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன் என்று கடைக்காரரிடம் சொல்லி என் மானத்தை வாங்கினார். யூடியூப் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். மலிவு விலையில் புதிதாக ஒரு லேப்டாப் வந்துவிட்டால் போதும். அதைப் பெட்டியிலிருந்து பிரித்துக் காட்டும் பையன்கள் தமிழில் என்ன சொல்கிறார்கள், கன்னடத்தில் என்ன சொல்கிறார்கள், தனக்குப் புரியாத இந்தியில் என்ன சொல்கிறார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் பொறுக்கலாம் அம்மிணி" என்பார். அவர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். மனைவியை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். நான் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்த மைசூர்க்காரி, பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். பொறுமை என்பது எனக்குப் பாடத்திட்டத்திலேயே இல்லை.

ஆனால் போன தசராவுக்கு முன்னால் எங்கள் இருவருக்குமே பொறுக்க நேரமில்லாமல் போய்விட்டது.

என் இரண்டு கண்களிலும் அழுத்தம் ஏறி ஓரப் பார்வை தேய்ந்துகொண்டு வருகிறது. போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்தால் இழுத்துப் பிடிக்கலாம், எவ்வளவு காலம் என்று மட்டும் கேட்காதீர்கள் என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நேராகப் பார்த்தால் எனக்கு எல்லாம் தெரியும், வெளிறிய நிறங்கள் மட்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பக்கத்தில் வைத்த டம்ளர் தெரியாது, தட்டிவிட்ட பிறகுதான் தெரியும். எங்கள் வீட்டுக் கதவு நிலைகள் எல்லாவற்றிலும் என் தோள்பட்டை ஒருமுறையாவது இடித்திருக்கிறது.

அவருக்கு அந்தப் பேச்சே ஆகாது. "நாளைக்குக் கண்ணு தெரியாமப் போனா" என்று நான் ஆரம்பித்தாலே எழுந்து போய்த் தண்ணீர் மோட்டாரைப் போடுவார். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தாலும் போடுவார்.

அந்தச் சமயத்தில்தான் குறைந்த விலைக் கம்ப்யூட்டர்கள் சிலவும், பாட்டுகளை உள்ளேயே ஏற்றி வரும் சின்னப் பெட்டிகள் சிலவும் புதிதாக வந்திருந்தன. அவர் கம்ப்யூட்டர் என்றார். நான் பாட்டுப் பெட்டி என்றேன். இரண்டையும் வாங்கலாமே என்று கேட்பீர்கள். ஒன்று வாங்குவதற்கே ஒரு பருவம் முழுக்க ஆலோசனை நடக்கும் வீட்டில் அது எப்படி நடக்கும்?

"இதுல எழுத்தை எவ்வளவு வேணும்னாலும் பெருசாக்கிக்கலாம் அம்மிணி. ஒரு எழுத்து உள்ளங்கை அகலத்துக்கு வரும்."

"உள்ளங்கை அகலத்துல ஒரு கதையைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு அடுத்த பிறவியே வந்துடும். பேசாம சும்னே இருங்க."

எனக்கு வேண்டியது பொத்தான் வைத்த பெட்டி. பாட்டு, கச்சேரி, யாராவது வாசித்துப் பதிவு செய்த கதை, எதுவாக இருந்தாலும் விரலால் தேடிப் போட்டுக்கொள்ள வேண்டும். போனிலேயே திரையைப் படித்துச் சொல்லும் வசதி இருக்கிறதே என்று அவர் அதையும் எனக்குப் போட்டுக் கொடுத்துப் பார்த்தார். அது நான் தொட்டதையெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பாட்டுப் போடப் போய் கேஸ் ஏஜென்சிக்கு போன் போய்விட்டது. கண்ணாடி மேல் விரலுக்குப் பிடிமானம் ஏது? பார்வை இருக்கும்போதே விரலுக்குப் பாடம் சொல்லி வைத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்?

நாங்கள் பேசியதென்னவோ பேட்டரி, மெமரி, ஸ்பீக்கர் பற்றித்தான். ஆனால் கம்ப்யூட்டர் வாங்கினால் என் கண் இருக்கும் என்று அர்த்தம், பாட்டுப் பெட்டி வாங்கினால் போய்விடும் என்று அர்த்தம். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

கடைசியில் ஒரு சாயங்காலம் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு அக்ரஹாரம் தாண்டி ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போனார். தசரா தள்ளுபடிக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. வரிசையாகத் திறந்து வைத்திருந்த லேப்டாப்புகளில் முதலாவதன் முன்னால் என்னை உட்கார வைத்தார். அவர் வீட்டிலேயே மனப்பாடம் செய்துவைத்த மாடல் அது. விற்பனைப் பெண் அதன் பெருமைகளைக் கன்னடத்தில் ஒப்பித்தாள். நான் திரையைப் பார்த்தேன். வெளுத்துப்போன சாம்பல் நிறத்தில் ஏதேதோ மிதந்தன. விலையைக் குறைக்க வேண்டும் என்றால் இவர்கள் முதலில் திரையில்தான் கை வைப்பார்களாம், அவரே எனக்குச் சொன்னது.

"அம்புக்குறி எங்க இருக்கு?" என்றேன்.

"அதோ, நடுவுல."

எனக்குத் தெரியவில்லை. மவுஸை அசைத்தேன். ஏதோ ஓடியது, ஓடி என் பார்வையைத் தாண்டிப் போய்விட்டது. தலையைத் திருப்பித் திருப்பித் தேடினேன். அவர் குனிந்து அம்புக்குறியைப் பெரிதாக்கினார். "இப்ப?" மறுபடி பெரிதாக்கினார். "இப்பத் தெரியுதல்லொ?" கடையில் நின்ற ஒரு சின்னக் குழந்தை சுட்டிக்காட்டிச் சிரிக்கும் அளவுக்கு அது பெரிதாகிவிட்டது. ஓரத்துக்கு நகர்ந்ததும் எனக்கு அதுவும் காணாமல் போனது.

"இந்த மாடல் சரியில்ல" என்றார்.

அடுத்ததற்குப் போனோம். அதுவும் சரியில்லை. அதற்கடுத்தது ரொம்ப மட்டம். ஒவ்வொன்றின் முன்னாலும் நான் உட்கார, அவர் குனிய, அம்புக்குறி ஓட, அந்த மாடலின் தலையெழுத்து முடிந்தது. கடைசியில் விற்பனைப் பெண்ணைப் பார்த்து, "என்னம்மா, உங்க கடையில ஒரு ஸ்க்ரீன் கூட ஒழுங்கா இல்லையே" என்று தமிழிலேயே சத்தம் போட்டார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் மறந்துவிடும். அவள் பயந்துபோய், வெளிச்சம் முழுசாகத்தான் இருக்கிறது என்று கன்னடத்தில், "சார், பிரைட்னெஸ் ஃபுல் இதே சார்" என்றாள்.

எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, இவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. வீட்டில் ஒரு கரண்டி வாங்கினாலும் பத்துக் குறை சொல்பவர், என் கண்ணைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மனசு வராமல், கடையில் இருந்த கம்ப்யூட்டர்களை எல்லாம் வரிசையாகக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "போதுங்க. அந்தச் சின்னப் பெட்டி இருக்கான்னு கேளுங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. விறுவிறுவென்று வெளியே போய் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு நின்றார். வழியெல்லாம் விளக்கு அலங்காரம். எங்கேயும் வண்டியை நிறுத்தாமல் வீட்டுக்கு வந்தார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. என்னிடம் சொல்லாமலே பாட்டுப் பெட்டிக்கு ஆர்டர் போட்டிருக்கிறார். என் மடியில் வைத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "கேட்டியல்லொ, இந்தா" என்றார். அவர் அதைச் செய்ய எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். நெஞ்சு நிறைந்துபோய்ப் பெட்டியைப் பிரித்தேன், முகப்பில் விரலை ஓட்டினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஐந்து பொத்தான்களும் தட்டையாக, உடம்போடு உடம்பாக, வழவழவென்று இருந்தன. நான் மனதில் வைத்திருந்த, இதற்கு முந்தின மாடலில் பொத்தான்கள் மேடாக இருக்கும். இவர், வந்ததில் புதிசாக, எல்லா யூடியூப் பையன்களும் அழகு அழகு என்று புகழ்ந்ததாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். எல்லாவற்றையும் அலசியவர் பொத்தானைத் தடவிப் பார்த்தவர்களைத் தேடவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அழகை வச்சு நான் என்ன பண்ண? குருடி ஆகப்போறவளுக்குத் தடவத்தானே வேணும்!" என்று கத்திவிட்டேன்.

அன்று அவர் மோட்டார் போடக்கூடப் போகவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றேன். "நாளைக்குப் பூஜை. வீட்டுக்கு வந்த பொருளைப் பூஜைக்கு முன்னால திருப்பி அனுப்பறதாவது?" என்று மட்டும் முணுமுணுத்தார்.

ஹனூரில் டிராக்டருக்கும் பம்புசெட்டுக்கும் பொட்டு வைத்து வளர்ந்தவர் அவர். ஆயுத பூஜை என்றால் எங்கள் வீட்டில் மிக்ஸி, கேஸ் அடுப்பு, ஃபேன் ரெகுலேட்டர், வைஃபை பெட்டி எதுவும் தப்பாது. சந்தனக் கல்லில் கெட்டியாக அரைத்து, பெரிய உருண்டையாக ஒட்டி, நடுவில் குங்குமம் வைப்பார். எலக்ட்ரானிக் சாமானுக்கு ஈரம் ஆகாது என்று வருஷா வருஷம் நான் கத்துவேன். அன்று எனக்குக் கத்தவும் மனமில்லை. புதுப் பெட்டிக்கும் தடிமனாக ஒரு பொட்டு வைத்து, என் பழைய கணக்குப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் பூஜையில் சாத்தினார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. நானும் தொடவில்லை.

விஜயதசமி அன்று மத்தியானம் அவர் டிவியில் யானை ஊர்வலம் பார்த்துக்கொண்டே பொட்டு வைத்த சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் உள் அறையில், ஜன்னல் சாத்திய அரை இருட்டில் படுத்திருந்தேன். திருப்பி அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறையாவது பாடுகிறதா பார்ப்போம் என்று பெட்டியைக் கையில் எடுத்தேன். கட்டைவிரலில் சொரசொரப்பாக ஏதோ தட்டுப்பட்டது. அழுத்தினேன். நாகஸ்வரம் கிளம்பியது.

பொட்டு என்றால் யாரும் நடுவில்தானே வைப்பார்கள்? நடுவில் இருந்தது பாட்டைப் போடும் பொத்தான். காய்ந்த சந்தனம் அதன் மேல் மேடாக இறுகியிருந்தது. நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு தேடினேன், கிடைத்தது. பெட்டியைக் கையில் நாலு புரட்டுப் புரட்டிவிட்டுத் தேடினேன், அப்போதும் கிடைத்தது. சந்தனத்துக்கு மேலே போனால் சத்தம் கூடும், கீழே போனால் குறையும், இந்தப் பக்கம் அடுத்த பாட்டு, அந்தப் பக்கம் முந்தின பாட்டு. நான் தனியாகப் படுத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

சிரிப்பைக் கேட்டு அவர் ஈரத்துணியோடு வந்தார். ஏற்கனவே மிக்ஸியைத் துடைத்து முடித்திருந்தார். "கொடு, அதையும் துடைச்சுக் குடுக்கறன். திருப்பி அனுப்பணுமல்லொ."

"தொட்டீங்கன்னா தெரியும்" என்றேன். அவர் விரலைப் பிடித்துச் சந்தனத்தின் மேல் வைத்தேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. துணியை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சந்தனம் எத்தனை நாள் நிற்கும்? நான் நாள் முழுக்க அதைக் கையில் வைத்திருப்பவள். கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, பொத்தான் மறுபடி வழவழப்பாகிக்கொண்டு வந்தது. அவரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் எழுந்து போய்விடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தபோது கல்லில் சந்தனம் அரைக்கும் சத்தம் கேட்டது. பூஜை அலமாரிக்கு முன்னால் அவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் துடைத்து, நடுப் பொத்தானில் பொட்டு வைத்து, அதைச் சின்ன மின்விசிறிக்கு நேராகக் காய வைத்திருந்தார். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொட்டு காய்ந்ததும் பெட்டியைக் கையில் எடுத்தார். இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டார். அப்படியே கட்டைவிரலால் தடவித் தடவித் தேட ஆரம்பித்தார். முதலில் தப்பான பொத்தான். பிறகும் தப்பான பொத்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல், திரும்பவும் தேடினார்.

பாட்டு கேட்டதும் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்துவிட்டார். இந்த முறை எழுந்து போகவில்லை.

"அம்மிணி, சத்தம் வெக்கற பட்டனுக்கும் சின்னதா ஒண்ணு வெச்சர்றன்" என்றார். "கண்ணு தெரியாதப்ப மாத்தி அமுக்கிரக் கூடாதல்லொ."

"வைங்க" என்றேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து சந்தனக் கல்லை அவர் பக்கம் நகர்த்தினேன்.