அக்காவின் அழைப்பும் மலைப் பூவின் விதையும்

லண்டன் தாவரத் தோட்டம் ஒன்றில், மலைச் செடிகளுக்கான ஆல்பைன் ஹவுஸில் நான் வேலை பார்த்தேன். அங்கிருந்த விதிமுறைகளில் பாதி நான் எழுதியவை. மீதியைப் படித்தவன் நான் மட்டும்தான்.

அந்த வசந்தத்தில் எங்கள் நெருக்கடி ஒரு ஊதாப் பூ. பம்பிள் தேனீ அதைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் உதிரும். பக்கத்தில் உறவுச் செடிகளும் பூத்திருந்ததால், கலப்பு விதை விழாதிருக்கத் தேனீ புகாத வலை கட்டியிருந்தோம். தேனீயின் வேலையை, தட்டினால் அதிரும் இசைக்கவையான ட்யூனிங் ஃபோர்க் ஒன்று செய்யும். அது தொலைந்துவிட்டது. பூக்களோ இன்னும் ஓரிரு நாளில் வாடிவிடும்.

வட லண்டன் எட்மண்டனிலிருந்து வேலைக்கு வரும் ரதிக்குத்தான் பெரிய கவலை. இந்த விதை கிடைத்தால்தான் அவருடைய தற்காலிக வேலை நிரந்தரம்.

"எலக்ட்ரிக் டூத்பிரஷ் கொண்டு வந்தனான், சேர்."

மேலாளர் ஹெலன் மறித்தார். "பாதுகாப்பு டெஸ்ட் ஸ்டிக்கர் இல்லாத மின்சாதனம் உள்ளே வரக்கூடாது."

விதி சரியானது. எழுதியவன் நான்.

அப்போது ரதியின் பையில் போன் அதிர்ந்தது.

"அக்கா, சேர். ஈஸ்ட் ஹாமில சாமான் வாங்கப் போனா ஒவ்வொரு கடையில நிண்டும் எனக்கு கோல் எடுப்பா."

வெப்பநிலையைப் பதிவு செய்யப் போனுக்கு அனுமதி உண்டு. அந்த விதியும் என்னுடையதே.

"எடுக்காதீங்க! பூக்காம்பில வைங்க!" என்றேன்.

போனின் விளிம்பு காம்பில் பட்டதும், கீழே பிடித்த தட்டில் மஞ்சள் தூள் விழுந்தது. அதைத் தூரிகையால் அடுத்த தொட்டிப் பூவின் சூல்முடியில் தடவினோம். அழைப்பு நின்றுவிட்டது.

"மறுபடி கூப்பிடுவாங்களா?"

"எடுக்காட்டி விடமாட்டா, சேர்."

விடவில்லை. கடைசித் தொட்டி முடிந்த பிறகே ரதி எடுத்தார்.

"ஏனடி எடுக்கேல்லை? உயிரோட இருக்கிறியோ? நல்ல கத்தரிக்காய் வந்திருக்கு, வாங்கவோ எண்டு கேக்கத்தான்!"

"வாங்குங்கோ அக்கா. நல்லா வாங்குங்கோ."

கோடையில் காய்கள் உலர்ந்தன. ஹெலன் ஒன்றைக் காதருகே குலுக்கினார். உள்ளே விதைகள் கலகலத்தன. அறிக்கையில் 'கைக்கருவி அதிர்வு' என்று எழுதினேன். பொய்யில்லை. ரதியின் வேலை நிரந்தரமானது.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விதிகளை முழுதாகப் படியுங்கள். எது கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள். எது கூடும் என்பதையும் நீங்கள் தெரிந்துவைத்திருங்கள்.

அடுத்த வசந்தம் வருவதற்குள் புது ஃபோர்க் வந்துவிட்டது. ரதி அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை. முதல் பூ விரிந்த காலையில் அக்காவை அழைத்தார்.

"அக்கா, இண்டைக்குக் கடைக்கு எத்தினை மணிக்குப் போறியள்?"